ஐசியூவுல நம்மட ஆள் இருந்தா கட்டிலடியில என்ன செய்யலாம்

மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரியோ கல்முனையோ அம்பாறையோ, எங்க வச்சிருந்தாலும் ஐசியூவுக்குள்ள விடுறது ஒள்ளுப்ப நேரம்தான், அந்த நேரத்திலயும் நம்மட சனம் அழுறது, இல்லாட்டி மெஷினப் பாத்து "ஏன் மிஸ்ஸி இது குறையுது" எண்டு கேக்கிறது. நம்பர அவங்க பாப்பாங்க, நீங்க ஆளப் பாருங்க.

முதல்ல டிலீரியம் எண்டா என்னண்டு தெரிஞ்சி வைங்க. பேத்துறது, ஆள் தெரியாம முழிக்கிறது, வயரப் புடுங்குறது எல்லாம் அதுதான். பேயும் இல்ல பைத்தியமும் இல்ல, நோயும் மயக்க மருந்தும் நித்திரையில்லாததும் சேந்து மூளையக் குழப்புது. 2004ல அமெரிக்காவில வந்த ஆய்வில மூச்சு மெஷின்ல இருந்த 224 பேரில 183 பேருக்கு இது வந்திரிக்கு. சிலபேர் கத்தவே மாட்டாங்க, சோர்ந்து கிடப்பாங்க, அதுவும் இதாயிருக்கலாம், "அமைதியா இரிக்கார்" எண்டு நினைச்சி வந்திராம மிஸ்ஸிக்கிட்ட சொல்லுங்க.

கையக் கழுவிப்போட்டு முகம் தெரியிற பக்கம் நிண்டு, மயக்கத்தில இருந்தாலும் சொல்லுங்க: "வாப்பா, நான் மூத்த மகள், இண்டைக்கு செவ்வாய், ஆஸ்பத்திரியில இரிக்கீங்க, மூச்சுக்குக் குழாய் போட்டிரிக்கு, அதான் பேச ஏலாது". ஒவ்வொரு தடவையும் இதத்தான் முதல்ல. "நான் ஆரு சொல்லுங்க பாப்பம்" எண்டு பரீட்சை வைக்காதீங்க, பாவம். மறுகா வேளாண்மை வெட்டு, பேரப்புள்ளைர குழப்படி எண்டு வீட்டுக் கதை, கடன் கதை வேணாம். முகட்டில ஆரோ நிக்கிறாங்க எண்டு காட்டினா வாதாடவும் வேணாம், ஓமெண்டு சொல்லவும் வேணாம், கையப் புடிங்க. கண்ணாடி, காதுமெஷின் கொண்டுவரலாமா எண்டு கேளுங்க, இது கட்டாயம்.

ஆளக் கட்டிலில எழுப்பி இருத்தினா "சாகக்கிடக்கிற மனிசன ஏன் போட்டு வதைக்கீங்க" எண்டு சண்டைக்குப் போறாக்கள் இரிக்காங்க. 2009ல அமெரிக்காவில மெஷின்ல இருந்த 104 பேர வச்சி செஞ்ச ஆய்வில, வேளைக்கே உடற்பயிற்சி குடுத்தாக்களில நூத்துக்கு 59 பேர் ஆஸ்பத்திரிய விட்டுப் போகக்குள்ள தன்ர வேலையத் தானே செஞ்சிருக்காங்க, வழமைபோல மட்டும் பாத்தாக்களில 35தான். அதால மறிக்காதீங்க, ஆனா நீங்களா தூக்கவும் போகாதீங்க, குழாய் கழண்டா வில்லங்கம்.

டொக்டர்மாரோட கதைக்க குடும்பத்தில ஒராள் போதும், மத்தாக்கள் அவர்ட்ட கேளுங்க.

ஒரு சீஆர் கொப்பியில நடந்தத நாளுக்கு நாலு வரி எழுதுங்க, சுகமானாப்போல வாசிக்கக் குடுக்கலாம். 2010ல ஐரோப்பாவில செஞ்ச ஆய்வில இதால மனப்பாதிப்பு குறைஞ்சிரிக்கு, 2019ல பிரான்ஸ்ல பெரிசா வித்தியாசம் காணல்ல. நான் எழுதுங்க எண்டுதான் சொல்லுவன், ஏனெண்டா அந்த நாட்கள் கனபேருக்குச் சரியா ஞாபகம் இருக்காது, கேட்டா ஆளுக்கொரு கதைதான் சொல்லுவீங்க.