உங்கள் கணினியில் ஓடுவது எந்த விண்டோஸ்? ஆறு எழுத்தில் அறியும் வழி

பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி டவுனிலோ உள்ள கணினிக் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, புதிதாக வாங்கிய பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னால், "அண்ணாச்சி, உங்க சிஸ்டத்துல எந்த விண்டோஸ் ஓடுது?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஸ்டார்ட் பொத்தான் இடப்பக்கம் இருக்கிறது, ஆகவே விண்டோஸ் 10 என்று ஊகித்துச் சொல்ல வேண்டாம். அந்தப் பொத்தானை இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது.

முதலில், விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்திப் பிடித்தபடி ஆர் விசையைத் தட்டுங்கள். திரையின் இடது மூலையில் 'ரன்' என்ற சிறு பெட்டி திறக்கும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டச்சிட்டு, என்டர் விசையை அழுத்துங்கள். திறக்கும் சாளரத்தின் மேற்பகுதியில் விண்டோஸின் பெயர் பெரிதாகவும், அதன் கீழே வெர்ஷன் (வெளியீட்டின் பெயர்), பில்டு (அதன் உள் எண்) ஆகிய இரண்டும் ஒரே வரியில் சிறிதாகவும் இருக்கும். அந்த வரியை அப்படியே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனம் தேவை. வெர்ஷன் 22எச்2 என்பது 2022-ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில் வந்த வெளியீட்டைக் குறிக்கும்; ஆனால் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலுமே 22எச்2 உண்டு என்பதால், அதை மட்டும் கடைக்காரரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பில்டு எண்தான் குழப்பத்தைத் தீர்க்கும்: 19045 என்றால் விண்டோஸ் 10, 22621 என்றால் விண்டோஸ் 11. பொதுவாக 22000-இல் தொடங்கி அதற்கு மேல் உள்ள எண் எதுவானாலும், வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை அது விண்டோஸ் 11 என்றே கொள்ளலாம். கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டில் வி, இ, ஆர் என்று தட்டிப் பார்ப்பவர்கள், விண்டோஸ் 11 ஓடும் கணினியிலும் '10.0' என்று தொடங்கும் எண்ணைக் கண்டு திகைப்பது உண்டு. அங்கேயும் அந்த 10.0-க்குப் பின்னால் வரும் ஐந்து இலக்கங்களையே பார்க்க வேண்டும்.

அடுத்து, உங்கள் விண்டோஸ் 32 பிட் வகையா 64 பிட் வகையா என்பது (கணினி ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவைக் குறிப்பது பிட்). செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்ற வரிசையில் சென்றால் 'சிஸ்டம் டைப்' என்ற வரி இருக்கும். அந்த ஒரே வரியில் இயங்குதளத்தின் (அதாவது விண்டோஸின்) பிட்டும் பிராசஸரின் (கணினியின் மையச் செயலியின்) வகையும் அடுத்தடுத்து வருவதால், பலர் இரண்டாவதைப் படித்துவிட்டு 64 பிட் என்று சொல்லிவிடுகிறார்கள். 64 பிட் பிராசஸரில் 32 பிட் விண்டோஸ் 10 ஓடக்கூடும். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு வேண்டியது முதலில் வரும் விவரமே. விண்டோஸ் 11-இல் 32 பிட் கிடையாது.

விண்டோஸ் 7 என்று வந்தால் 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10 என்று வந்தால் 2025 அக்டோபர் 14-உடனும் மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவது) முடிந்துவிட்டது. அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் இதைப் பொருட்படுத்துவது நல்லது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது: இடது மேல்மூலை ஆப்பிள் சின்னத்தைச் சொடுக்கி, 'அபௌட் திஸ் மேக்' என்பதைத் தேர்ந்தால் போதும்.

தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுள் விண்டோஸும், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளமும் சேர்ந்தே இருப்பவை உண்டு. எது திறக்க வேண்டும் என்பதைக் கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் குறித்துக்கொண்ட எண் பாஸுக்குப் பொருந்தாது. ஆகவே பிரிண்டரை எதில் இயக்கப் போகிறீர்களோ, அதைத் திறந்துகொண்டு விவரத்தைப் பாருங்கள்.