அதிஅழுத்த நீராவி என்ஜின் மாடல்: நான் சறுக்கிய இடங்கள்

போன மாதம் ஒரு தம்பி பைநிறைய செம்புக் குழாய்களோடு வந்தார். எல்.என்.இ.ஆர். என்ற பழைய பிரிட்டிஷ் ரயில் கம்பெனியின் 10000 எண் என்ஜினை மூன்றரை அங்குல கேஜில் (தண்டவாள அகலம்), நிஜ நீராவியில் ஓடும் மாடலாகச் செய்யப் போகிறாராம். குழாய்களை அளவெடுத்து வெட்டியும் விட்டார். பையைத் திறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன் அதே குழாய்களை நானும் வெட்டியவன்.

சேஃப்டி வால்வை இறுக்கிக் கட்டாதே, தண்ணீர் இல்லாமல் தீ மூட்டாதே என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அது தெரியாதவர் பாய்லர் பக்கமே வரக் கூடாது.

அசல் போலவே பாய்லர் செய்வது

1929 கடைசியில் டார்லிங்டனில் கட்டி முடித்த என்ஜின் இது. வடிவமைத்தவர் அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் நைஜல் கிரெஸ்லி. பாய்லர் கிளாஸ்கோவின் 'யாரோ' (Yarrow) என்ற கம்பெனியுடையது. சதுர அங்குலத்துக்கு 450 பவுண்டு அழுத்தம். அப்போது ஓடிக்கொண்டிருந்த பெரிய என்ஜின்களுக்கே 180, 220, மிஞ்சினால் 250தான்.

வழக்கமான பாய்லரில் தீ குழாய்க்குள் போகும், தண்ணீர் வெளியே நிற்கும். 'யாரோ' பாய்லரில் தலைகீழ்: மேலே நீளமான நீராவி டிரம், கீழே தண்ணீர் டிரம்கள், நடுவே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் தண்ணீர், வெளியே தீ. கப்பல்காரர்களுக்குப் பழகிய ஏற்பாடு. ஏன் இந்தச் சுற்று? உருளையின் விட்டம் பெருகப் பெருக, அதே அழுத்தத்தைத் தாங்கச் சுவர் தடித்துக்கொண்டே போக வேண்டும். ஆறடி விட்டமுள்ள பாய்லரையும் தீ எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் தட்டையான தகடுகளையும் 450 பவுண்டுக்குக் கட்டினால் என்ஜினைத் தண்டவாளம் தாங்காது. இரண்டங்குலக் குழாய்க்கு மெல்லிய சுவரே போதும்.

இப்போது நம் மேசைக்கு வாருங்கள். நம் பாய்லரின் விட்டமே நாலரை அங்குலம், அழுத்தம் 80 பவுண்டு. எந்தக் காரணத்துக்காக அவர்கள் குழாய்க்குப் போனார்களோ, அந்தக் காரணமே இங்கே கிடையாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் இன்றுவரை எரிச்சல்.

64 குழாய். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஆக 128 பற்றவைப்பு. ஈயம் ஆகாது: 80 பவுண்டு நீராவியின் சூடே 162 டிகிரி, சாதாரண ஈயப்பற்று 183-இல் இளகிவிடும். அதனால் வெள்ளிப் பற்று. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஒரே தரத்தில் வாங்கினேன். முதல் சுற்றுக்கு அதிகச் சூட்டில் உருகுவது, அடுத்த சுற்றுக்குக் குறைந்த சூட்டில் உருகுவது என்று இரண்டு தரம் வைத்திருக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனையில் 160 வரை ஏற்ற வேண்டிய பம்பு 90-லேயே நின்றுவிட்டது. மூன்றாம் வரிசையில் ஒரு முனையில் முத்து முத்தாகத் தண்ணீர். அதைச் சூடாக்கிச் சரிசெய்தால் பக்கத்துக் குழாய் இளகியது. அதைப் பார்க்கப் போனால் அதற்கடுத்தது. ஐந்து முறை சூடாக்கியதில் டிரம்மே கோணிப்போனது. செம்பு, வெள்ளி, நான்கு மாத ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் போச்சு.

கசியாமல் நின்றிருந்தாலும் நிம்மதி இல்லை. குழாய்க்குள் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் அந்த இடத்தில் உலோகம் பழுக்கும். 1930 பிப்ரவரி 10 அன்று ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸில் எல்.எம்.எஸ். என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் 'ஃபியூரி' என்ற சோதனை என்ஜினில் மிகை அழுத்தக் குழாய் ஒன்று வெடித்து, ஃபயர்பாக்ஸ் கதவு வழியே நீராவியும் தணலும் பாய்ந்தன. சோதனைக்காக உடன் ஏறியிருந்த ஒருவர் இறந்தார். அதன் மூடிய சுற்றில் 1,400 பவுண்டுக்கும் மேல்; நம்முடையது 80தான். ஆனால் நம் முகம் அதனிடமிருந்து ஓரடி தூரத்தில் இருக்கும்.

ஆகவே தம்பி, உள்ளே சாதாரண செம்பு பாய்லரை வையுங்கள். அதன்மேல் 10000-இன் வழுவழுப்பான கூட்டைப் போர்த்துங்கள். அசலிலும் வெளியே தெரிவது கூடுதான்.

காற்றடித்துச் சோதிப்பது

கூடாது.

காம்பவுண்டாகவே ஓட்டுவது

காம்பவுண்டு என்றால் ஒரே நீராவி இரண்டு முறை வேலை செய்வது. அசலில் உள்ளே இரண்டு அதிஅழுத்த சிலிண்டர், அதிலிருந்து வரும் நீராவிக்கு வெளியே இரண்டு தாழ்வழுத்த சிலிண்டர். விட்டம் வெளியே 20 அங்குலம், உள்ளே 12. வேலைப் பங்கீடு சரிவராமல் உள்ளே பிறகு 10 ஆக்கினார்கள். நம் மாடலின் பதினாறில் ஒரு பங்கு அளவில் 10 அங்குலம் என்பது என் சுண்டுவிரல் பருமன். நீராவி வெளி சிலிண்டருக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். வெளி இரண்டுக்கும் நேரடி நீராவி கொடுங்கள். உள்ளே ஒன்றும் வேண்டாம்.

பின்னால் நாலு சக்கர போகி

அசலில் அப்படி ஒரே சட்டத்தில் பூட்டியது இல்லை. பின்னால் இருக்கும் இரண்டு சக்கர ஜோடியும் தனித்தனி அச்சு.

ஆண்டை முடிவு செய்யாமல் படம் சேர்ப்பது

1930 ஜூலையில் எடின்பரோவிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் ஓடிய என்ஜினும், 1937-இல் டான்காஸ்டரிலிருந்து வெளிவந்த என்ஜினும் ஒரே எண்தான், முகம் வேறு. என்னிடம் இருந்த படங்களில் பாதி ஒன்று, பாதி மற்றொன்று. 1937-இல் அந்த 'யாரோ' பாய்லரைக் கழற்றி எறிந்துவிட்டு, 250 பவுண்டில் வழக்கமான பாய்லரையே பொருத்தினார்கள்.

இதைச் சொன்னதும் தம்பி சிரிக்கவில்லை. "அப்ப 37-ஐப் பண்ணினா உள்ளேயும் அசல் மாதிரியே இருக்கும்லண்ணே?" என்றார். ஆமாம் என்றேன். குழாய்ப் பையை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.