டூம் ஆட்டத்தில் விநாடிகள் ஒழுகும் இடங்கள்

காரைக்குடியில் எங்கள் ஆயா வீட்டு முகப்பில் நின்றால் வளவும் இரண்டாம் கட்டும் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். லீவுக்குப் போனால் அந்தக் கோட்டில்தான் எங்கள் ஓட்டப் பந்தயம். அம்மான் மகன் என்னைவிடக் குட்டை. ஆனாலும் அவன்தான் ஜெயிப்பான். நான் ஒவ்வொரு நிலைப்படியிலும் தடுக்கி, ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி, தூணில் தோளை இடித்துக்கொண்டு போய்ச் சேருவேன். பல வருஷம் கழித்து டூம் என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டத்தில் ஸ்பீட்ரன், அதாவது ஒரு லெவலை முடிந்தவரை வேகமாக ஓடி முடிப்பது, பழகியபோதும் அதே கதைதான்.

1993இல் வந்த இந்த ஆட்டத்தின் முதல் லெவலுக்கு அதை உருவாக்கியவர்கள் வைத்த இலக்கு நேரம் 30 விநாடி. 1998இல் ஒருவர் அதை 9 விநாடியில் முடித்தார். அது 8 ஆவதற்கு 2019 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கெல்லாம் நாம் போக வேண்டாம். 20 விநாடிக்குள் வந்தாலே எனக்குத் திருப்தி.

புதிதாக வருபவர் செய்யும் முதல் தவறு, நேராக ஓடுவது. முன்னோக்கி ஓடும் வேகம் 50 என்றால் பக்கவாட்டில் நகரும் வேகம் 40. இரண்டு கீயையும் சேர்த்து அழுத்தினால் ஆட்டம் இரண்டையும் கூட்டிக்கொள்கிறது. மூலைவாட்டில் போகும்போது வேகம் 64 ஆகிவிடும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான், வேறொன்றும் இல்லை. உடம்பு மூலைவாட்டில் போவதால் பார்வையைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். பக்க வேகத்தையும் 50 ஆக்கி 70 வரை போகும் வித்தை ஒன்று உண்டு. ஆனால் அதைச் செய்யும்போது திரும்ப முடியாது. முதல் நாளே அதில் கை வைத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் நிறைய.

அப்புறம் கதவு. என் நேரத்தில் பாதியைத் தின்றது இதுதான். கதவு திறக்கவில்லையே என்று ஸ்பேஸ் கீயைப் படபடவென்று தட்டுவேன். டூமின் சாதாரணக் கதவு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொரு முறை தட்டினால் கீழே இறங்க ஆரம்பித்துவிடும்! இது தெரியாமல் கீபோர்டு சரியில்லை என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். ஒரே ஒரு தட்டுதான் தட்ட வேண்டும். அதையும் கதவில் போய் இடித்த பிறகு தட்டக் கூடாது. 64 யூனிட் (ஆட்டத்தின் நீள அளவு) தூரத்திலிருந்தே கதவுக்குக் கை எட்டும். ஆட்டம் ஒரு விநாடியை 35 டிக்காகப் பிரிக்கிறது. கதவு ஒரு டிக்குக்கு 2 யூனிட் ஏறும். நம் ஆளின் உயரம் 56. ஆக, அவன் நுழைய 28 டிக், அதாவது 0.8 விநாடி ஆகும். அந்தக் காத்திருப்பை எவ்வளவு சீக்கிரம் தொடங்கி வைக்கிறோமோ அவ்வளவு லாபம்.

டூமின் தரையும் ஆத்தங்குடிக் கல்லேதான். கீயை விட்டாலும் ஆள் உடனே நிற்க மாட்டான். ஒவ்வொரு டிக்கிலும் பழைய வேகத்தில் 90 சதவீதத்துக்குச் சற்று மேல் மிஞ்சியிருக்கும். மூலைக்கு வந்து சேர்ந்த பிறகு திரும்பினால் எதிர்ச்சுவரில் போய்த் தேய்ப்பீர்கள். வருவதற்கு முன்பே திரும்பத் தொடங்கி, மிச்ச தூரத்தை வழுக்கலிடம் விட்டுவிடுங்கள்.

வெளியேறினால் போதும் என்ற வகை ஓட்டத்தில் எதிரே வரும் எல்லோரையும் சுடுவது வீண். வழியை அடைத்து நிற்பவனை மட்டும் சுடுங்கள். கைத்துப்பாக்கியில் முதல் குண்டு நேராகப் போகும், அழுத்திப் பிடித்தால்தான் சிதறும்.

இன்னொன்று, லெவல் முடிந்ததும் திரையில் வரும் நேரம் முழு விநாடி மட்டும்தான், பின்னத்தைக் காட்டாது. 14.9இலிருந்து 14.1க்கு வந்திருப்பீர்கள், திரை இரண்டுக்கும் 14 என்றே சொல்லும். முன்னேறவே இல்லை என்று நொந்து விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, நம் ஓட்டத்தை மற்றவருக்குக் காட்டும் டெமோ பதிவு. அது வீடியோ இல்லை. எந்த டிக்கில் எந்தக் கீ அழுத்தினோம் என்ற குறிப்பு மட்டும்தான். பழைய வடிவத்தில் டிக்குக்கு 4 பைட். அதனால் பதிவு செய்த அதே விதிகளில் ஓட்டினால்தான் சரியாக வரும். டூமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் பிஆர்பூம் பிளஸ் போன்ற புரோகிராம்களில், எந்தப் பழைய விதிகளில் ஓட வேண்டும் என்று சொல்லும் காம்ப்லெவல் என்ற எண் உண்டு. டூமின் விரிவான பதிப்பான அல்டிமேட் டூமுக்கு அதை 3 என்று கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நான் அதை மறந்துவிட்டு, என் முதல் 19 விநாடி ஓட்டத்தை அம்மான் மகனுக்குப் பெருமையாக அனுப்பி வைத்தேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது: “டேய், உன் ஆளு கதவுக்குப் பக்கத்துச் சுவத்துல முட்டிக்கிட்டே நிக்கிறான். சின்ன வயசுல நீ ஓடுன மாதிரியே இருக்குடா.”