சீனப் பீங்கான் குவான்யின் வாங்குமுன்: முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரரின் சீன வடிவமான குவான்யினோ, ஞானம் பெற்ற பௌத்தத் துறவியான அர்ஹத்தோ, 'சிரிக்கும் புத்தர்' எனப்படும் தொந்தி சரிந்த புதாயோ, எனாமல் தீட்டிய பழைய பீங்கான் உருவம் கைக்கு வந்தால் முகத்தை அப்புறம் ரசிக்கலாம். மேசையில் துண்டை நான்காக மடித்து விரியுங்கள். உடலையும் அடியையும் சேர்த்துப் பிடித்து, மல்லாக்கப் படுக்க வையுங்கள். கையைப் பிடித்துத் தூக்கினால் விரல்தான் முதலில் போகும்.

அடித்திறப்பு வழியாக டார்ச் அடியுங்கள். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென் பட்டறைகளில் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சுகளில் களிமண்ணை அழுத்தி எடுத்து ஒட்டுவார்கள். அதனால் உட்சுவரில் விரல் பதிந்த பள்ளங்களும், விலாப்பக்கம் ஒட்டு வரியும் தெரியும். சுவர் வழவழவென்று ஒரே கனத்தில் ஓடினால் அது கூழாகக் கரைத்த மண்ணை ஊற்றி வார்த்தது. பழையது என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். அடி மூடியிருந்தால், சூளையில் உள்காற்று வெளியேற விட்ட சிறு துளையைத் தேடுங்கள்.

அடுத்தது நிறம். சீனப் பேரரசர் காங்சியின் ஆட்சி 1662 முதல் 1722 வரை. தங்கத்திலிருந்து பெறும் ரோஜா நிறம் அதன் கடைசி ஆண்டுகளில்தான் தலைகாட்டியது. ரோஜா நிற அங்கியோடு 'காங்சி தொடக்ககாலம்' என்று ஒன்று வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 10 மடங்கு லென்ஸில் தூரிகைத் தடம் தெரிய வேண்டும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சிட்ட ஒட்டுப்படம். அடியிலுள்ள, பேரரசர் ஆட்சியின் பெயர் சொல்லும் முத்திரையை நம்பிக் காசு கொடுக்காதீர்கள், அதைப் பிற்காலத்திலும் தாராளமாக இட்டார்கள். ஆங்கிலத்தில் 'சைனா' என்றிருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற 1891 அமெரிக்கச் சட்டத்துக்குப் பிந்தையதாகவே இருக்கும்.

உடைந்ததை ஒட்டிப் பூசிய பழுதுவேலை விரல், தாமரை இதழ், காதுமடல், கழுத்து ஆகிய இடங்களில்தான் ஒளிந்திருக்கும். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சைக் காட்டுங்கள். பூசிய இடம் சுற்றுப்புறத்திலிருந்து வேறாக ஒளிரும். சில புதிய பூச்சுகள் இதற்கும் சிக்காது. உதட்டில் வைத்துப் பாருங்கள்: பீங்கான் சில்லென்றிருக்கும், பழுதை மறைக்க நிரப்பிய ரெசின் அப்படி இருக்காது.

சுத்தம் செய்யத் தண்ணீரில் முக்காதீர்கள். துளை வழியே உள்ளே போகும் நீர் பழைய பசையை இளக்கிவிடும். அரை லிட்டர் வாலை வடிநீரில் 2 சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும். பஞ்சுக்குச்சியைத் தேய்க்காமல் உருட்டுங்கள். எலுமிச்சை, வினிகர் இரண்டும் ஆகாது. எனாமலில் ஈயம் இருப்பதால் அமிலம் பட்டதும் பளபளப்பு போய்விடும். பொன்பூச்சு உள்ள இடத்துக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை மட்டும்.