பொத்தானுக்கும் பீப்புக்கும் நடுவில்: வீட்டிலேயே ஒரு நேர உணர்வுச் சோதனை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில் சோக் போட்ட பழைய டியூப்லைட் ஒன்று இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுத்தான் எரியும். நான் தட்டினால் சட்டென்று எரிந்த மாதிரி இருக்கும். தம்பி தட்டினால், "என்னடா இது, இவ்வளவு நேரம் எடுக்குது?" என்று தோன்றும். லைட் அதேதான், சோக்கும் அதேதான்.

இது என் பிரமையாகக்கூட இருக்கலாம். ஆனால் இதே கேள்வியை ஆய்வுக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். 2002-இல் லண்டனில் பேட்ரிக் ஹாகார்ட் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சேர்ந்து செய்த சோதனை பிரபலமானது. 2560 மில்லிசெகண்டில் ஒரு சுற்று வரும் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்த வேண்டும். 250 மில்லிசெகண்ட் கழித்து ஒலி வரும். அழுத்தியபோது முள் எங்கே இருந்தது, ஒலி கேட்டபோது எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். தங்கள் விருப்பப்படி அழுத்தியவர்களுக்கு, அழுத்திய நேரம் சுமார் 15 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளியும், ஒலி 46 மில்லிசெகண்ட் முன்னால் வந்தும் தோன்றின. அதாவது நடுவில் இருந்த நேரம் சுருங்கிவிட்டது. மூளைக்குக் காந்தத் துடிப்பு கொடுத்து விரலைத் தானாகத் துடிக்க வைத்தபோது நேர்மாறாக இரண்டும் விலகின. இதற்கு 'இன்டென்ஷனல் பைண்டிங்' என்று பெயர் வைத்தார்கள். நாம் நோக்கப் பிணைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடிகார முள் முறை முதல்முறை செய்பவர்களுக்குத் தலைவலி. அதைவிட எளிது, இடைவெளியை நேராக எண்ணாகச் சொல்லச் சொல்வது. அதைத்தான் இங்கே செய்யப் போகிறோம்.

படி 1: தேவையானவை

ஒரு லேப்டாப், வயர் உள்ள ஹெட்போன், சைக்கோபை என்ற இலவச மென்பொருள், பொறுமையான பத்துப் பேர். சைக்கோபையில் பில்டர் என்ற பகுதி இருக்கிறது. புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும் பெட்டிகளை இழுத்து வைத்தே சோதனையை அமைத்துவிடலாம்.

வயர் உள்ள ஹெட்போன் என்று சும்மா சொல்லவில்லை. முதல் தடவை நான் புளூடூத் ஹெட்போனில் செய்தேன். முடிவு தலைகீழாக வந்தது: தாங்களே அழுத்தியவர்களுக்கு நேரம் நீண்டிருந்தது! மதுரைக்காரன் மூளையே தனி என்று ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது. புளூடூத்தில் ஒலி 100 மில்லிசெகண்டுக்கு மேல்கூடத் தாமதமாகும். விரல் அழுத்தத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது, பீப்புக்கு உண்டு. அதனால் இடைவெளி உண்மையிலேயே நீண்டுவிட்டது. ஒப்பீட்டுப் பகுதியிலோ இரண்டுமே ஹெட்போன் வழியாக வரும் ஒலிகள். இரண்டும் ஒரே அளவு தாமதமாவதால் இடைவெளி மாறவில்லை.

படி 2: இரண்டு பகுதிகள்

'அழுத்தும்' பகுதியில், ஆள் தனக்குத் தோன்றும்போது ஸ்பேஸ் கட்டையை அழுத்துவார். 100, 400 அல்லது 700 மில்லிசெகண்ட் கழித்து பீப் வரும். 'கேட்கும்' பகுதியில் அவர் கையை மடியில் வைத்துக்கொள்வார். திரை வந்து ஒன்று முதல் இரண்டு விநாடிக்குள், எப்போது என்று தெரியாமல், ஒரு 'டிக்' ஒலி. அதே மூன்று இடைவெளிகளில் ஒன்று கழித்து பீப். இரண்டிலும் கேள்வி ஒன்றே: நடுவில் எத்தனை மில்லிசெகண்ட்?

ஒவ்வொரு இடைவெளியும் 20 தடவை, கலந்து கலந்து. பகுதிக்கு 60, மொத்தம் 120. பாதிப் பேர் அழுத்தும் பகுதியை முதலில் செய்யட்டும், மீதிப் பேர் கேட்கும் பகுதியை.

படி 3: பில்டரில் அமைப்பது

ஒரு எக்செல் தாளில் இடைவெளிகளை ஒரு பத்தியாக எழுதுங்கள். சைக்கோபைக்கு விநாடிக் கணக்குதான் புரியும், 0.1, 0.4, 0.7 என்று எழுத வேண்டும். 400 என்று எழுதினால் பீப்புக்காக ஆறு நிமிஷம் நாற்பது விநாடி காத்திருக்க நேரும். முதல் ரொட்டீனில் (சோதனையின் ஒரு கட்டம்) கீபோர்டு பெட்டி, இரண்டாவதில் சவுண்ட் பெட்டி; ஒலி தொடங்கும் நேரத்தில் அந்தப் பத்தியின் பெயர். மூன்றாவதில் எண் தட்டுவதற்கு ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ். மூன்றையும் சுற்றி, திரும்பத் திரும்ப ஓடவைக்கும் ஒரு லூப்.

இப்போது முக்கியமான வேலை. ஹெட்போனைக் கழற்றி, லேப்டாப் ஸ்பீக்கரிலேயே பீப் வரட்டும். கட்டையை 'டொக்' என்று அழுத்தி, கட்டைச் சத்தத்தையும் பீப்பையும் போனில் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால் இரண்டு மேடுகள் தெரியும். 400 கேட்டதற்கு 430 இருந்தால், கேட்கும் பகுதியில் ஒவ்வொரு இடைவெளியோடும் அந்த 30-ஐக் கூட்டிவிடுங்கள். ஹெட்போனை மாட்டியபின் அதன் மைக் வழியாகவோ, காதுப்பகுதியைப் போன் மைக்கோடு ஒட்டிவைத்தோ இன்னொரு தடவை பாருங்கள். இதைச் செய்யாமல் ஆட்களை உட்காரவைப்பது அவர்கள் நேரத்தை வீணடிப்பதுதான்.

படி 4: பழக்குவது

மில்லிசெகண்ட் என்றால் யாருக்கும் மனதில் ஓர் அளவு இருக்காது. "ஒரு செகண்டை ஆயிரமாகப் பிரிச்சா அதில் ஒண்ணு" என்று சொன்னதற்கு, பக்கத்துத் தறிக்கார மாமா, "அவ்வளவு பொடிசா யாருப்பா எண்ணுவா?" என்றார். எனவே முதலில் பயிற்சி: இரண்டு ஒலிகள், 50-க்கும் 950-க்கும் நடுவே ஏதோ ஓர் இடைவெளி, அவர் ஊகித்ததும் சரியான விடையைத் திரையில் காட்டுங்கள். இருபது தடவையில் பெரும்பாலோருக்குப் பிடிபட்டுவிடும்.

உண்மைச் சோதனையில் விடையைக் காட்டக் கூடாது. இடைவெளி 1 முதல் 1000 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். மூன்றுதான் என்று தெரிந்தால் மனப்பாடமாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

நேரத்தையும் பார்த்து வையுங்கள். எங்கள் தெருவில் பகலில் தறிச் சத்தம். சித்திரைத் திருவிழா சமயத்தில் மைக் செட். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தறி நிற்கும், அப்போதுதான் நான் செய்வேன். பெயரைக் குறிக்காமல் ம1, ம2 என்று எண் கொடுங்கள். நடுவில் விலகலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கல்லூரி ஆய்வுக்காகச் செய்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

படி 5: கணக்கு

ஒருவருக்கு ஒரு வரி: அழுத்தும் பகுதியின் சராசரி, கேட்கும் பகுதியின் சராசரி. கற்பனையாக, ம3 என்பவர் கேட்டபோது 420, அழுத்தியபோது 350 என்றால் அவருக்குச் சுருக்கம் 70. லிப்ரே ஆபீஸ் மென்பொருளில், வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க உதவும் டி-டெஸ்ட் சூத்திரத்தில் கடைசி எண்ணை 1 என்று கொடுத்தால், அது ஒரே ஆளின் இரண்டு சராசரிகளை இணையாக ஒப்பிடும்.

100-க்கும் 700-க்கும் ஒரே எண்ணைச் சொல்பவர்களை ஒதுக்கலாம். ஆனால் அந்த விதியைத் தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். பிடிக்காத எண்ணைப் பிறகு தூக்குவது கள்ள ஆட்டம்.

சுருக்கம் வந்தால் "இதோ சுயவிருப்பத்தை அளந்துவிட்டேன்" என்று குதிக்க வேண்டாம். 2012-இல் மார்க் ப்யூனர் என்ற ஆய்வாளர், மனிதருக்குப் பதில் இயந்திரம் பொத்தானை அழுத்தியபோதும் நேரம் சுருங்குவதைக் காட்டினார். இது நடந்ததால்தான் அது நடந்தது என்று நம்புவதே போதும் என்பது அவர் கட்சி. நம் சோதனையில் 'டிக்'தான் பீப்பை வரவழைக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே நாம் பார்ப்பது விருப்பத்தையா, காரண நம்பிக்கையையா என்று நம் எண்கள் பிரித்துச் சொல்லாது. பிரிக்க வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு பகுதி வேண்டும்: கட்டையை வேறொருவர் அழுத்த, இவர் பார்த்துக்கொண்டிருப்பது.

எல்லாம் முடிந்தபின் டீ வாங்கிக்கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது தறிக்கார மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மூணே மூணுதானா? நான் அம்பது விதமா எழுதியிருக்கேனேப்பா!"