பாடி போல்ட் சுற்றுகிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது

பழைய காரின் பாடியைச் சேஸியிலிருந்து, அதாவது அடிச்சட்டத்திலிருந்து, பிரிக்கும்போது, நடுவே ரப்பர் வைத்து இரண்டையும் பிணைக்கும் மவுண்ட் போல்ட்டுகளில் பின்பக்கத்து இரண்டு மட்டும் மூன்று நாளைத் தின்றுவிட்டன.

துரு இளக்கும் ஆயிலைக் கீழேயிருந்து அடித்தது வீண். நட்டு இருப்பது மேலே, பாடிக்குள் ஒரு தகரக் கூண்டில். அடித்ததெல்லாம் தரையில்தான் சொட்டியது. அடுத்து, தட்டித் தட்டிச் சுழற்றும் இம்பேக்ட் கன். கூண்டின் வெல்டிங் விட்டுப்போய், நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது.

வழி மேலேயிருந்துதான். கார்பெட்டைத் தூக்கி, போல்ட்டுக்கு நேர் மேலே தளத்தில் 40 மி.மீ. ஹோல் சாவால் ஓட்டை போட்டேன். வெட்டிய வட்டத் தகரத்தை எறியாதீர்கள், திரும்ப வெல்டு வைக்க உதவும். நட்டை ரிங் ஸ்பேனரால் பிடித்து, கேஸ் டார்ச்சின் தீயில் மங்கிய சிவப்பு வரும்வரை நட்டை மட்டும் சூடாக்கி, சிவப்பு தணிந்ததும் மரையில் மெழுகுவத்தியை வைத்தால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் போல்ட்டை ஒரு நூலளவு இறுக்கி, பிறகு கழற்றினால் அசையும். டார்ச்சுக்கு முன்பே பெட்ரோல் டேங்கை இறக்கியாக வேண்டும். அடித்த ஆயிலையும் துடைத்துவிடுங்கள். மவுண்ட் ரப்பர் எளிதில் தீப்பிடிக்கும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொரு போல்ட் வேறு ரகம். கால் சுற்று போய், ஸ்பேனரை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. அப்படித் திரும்பினால் பிடித்திருப்பது மரை இல்லை. ரப்பருக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு போல்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, திருப்பி இழுப்பது ரப்பர். சூடெல்லாம் வேண்டாம். பாடிக்கும் சேஸிக்கும் நடுவே ரப்பரோடு சேர்த்து அறுத்துவிட்டேன். ரப்பர் எப்படியும் புதிதுதானே போடப்போகிறோம்.