ஆடியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: பன்றிக் காய்ச்சலும் பத்திர ஆபீஸும்

வளைகுடாவில் பள்ளிக்கூடம் அடைத்திருப்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழை பெய்வதும் அப்போதுதான். டிக்கெட் விலையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை தாண்டும்போது சாரல் முகத்தில் அடித்தால்தான் ஊருக்கு வந்த மாதிரியே இருக்கும். இருக்கட்டும். அந்த மழைக்காலம் ஃப்ளூ காய்ச்சல் பரவுகிற காலமும்கூட. கிறிஸ்துமஸுக்குப் போகிறவர்களும் தப்பவில்லை, அவர்களுக்கு அக்டோபரிலிருந்தே வடகிழக்கு மழை காத்திருக்கிறது. பெட்டியில் என்ன வைப்பது என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் வீட்டுச் சண்டை. எனக்குச் சொல்ல இருப்பது பன்றிக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு பத்திர ஆபீஸைப் பற்றியும்.

பன்றிக் காய்ச்சல் என்றால் ஊரில் பலருக்கு 2009 ஞாபகம்தான் வருகிறது, ஏதோ அந்தக் காலத்தோடு ஒழிந்துபோன நோய் மாதிரி. அந்த வருஷம் ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தெரியவந்த புது எச்1என்1 வைரஸ் மே மாதமே இந்தியாவுக்குள் வந்தது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்தது என்றும் அறிவித்தார்கள். வைரஸ் எங்கும் போகவில்லை. வருஷா வருஷம் சுற்றுகிற ஃப்ளூ வகைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது. 2015இல் இந்தியாவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பன்றி வளர்க்கிற வீட்டுப் பக்கம் போகாதே, ஈஸ்டர் இறைச்சியைத் தொடாதே என்று மாமாக்கள் சொல்வார்கள். வாதம் செய்து பயனில்லை. நன்றாக வெந்த இறைச்சியால் இது வராது. பக்கத்தில் உட்கார்ந்து இருமுகிற மாமாவால்தான் வரும்.

தொற்றினால் ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் தலைகாட்டும். திடீரென்று கொதிக்கும், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும், தொண்டை கட்டும், வறட்டு இருமல் வரும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே தொற்றியவரிடமிருந்து பரவும். தெரிந்த பிறகும் ஐந்து, ஏழு நாள் பரவும், குழந்தைகளிடம் இன்னும் கூடுதல் நாள். தெம்பாகத் திரிகிற ஆளிடமிருந்தும் வாங்கிக்கொண்டு வரலாம் என்று அர்த்தம்.

தடுப்பூசி விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். அந்தந்த வருஷத்து ஃப்ளூ ஊசியிலேயே எச்1என்1-க்கும் பாதுகாப்பு இருக்கிறது, தனியாகப் பன்றிக் காய்ச்சல் ஊசி தேட வேண்டாம். ஆனால் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் ஊசி போடுவது அவர்கள் குளிர்காலத்துக்காக, செப்டம்பர், அக்டோபரில். அடுத்த ஜூலையில் நீங்கள் ஊருக்கு வரும்போது அதன் வலு குறைந்திருக்கும். போன அக்டோபரில் போடாதவர்கள் கிளம்புவதற்கு முன்பாவது டாக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் விமான நிலையம் போகிற வழியில் போட்டுப் பிரயோஜனமில்லை. ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் போட ஏற்பாடு செய்யலாம். தங்கம் வாங்கிக்கொண்டு போவதைவிட அது நல்லது.

பஸ், துஷ்டி வீடு, கல்யாணப் பந்தி, ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக் கடற்கரை என்று கூட்டம் எங்கேயும் இருக்கும். மழையில் ஷட்டர் எல்லாம் இழுத்து விட்டபடி வடசேரியிலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் முகக்கவசம் போடுங்கள். பெரிய ஆள் மாதிரி காட்டுகிறான் என்பார்கள், சொல்லட்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது பத்திர ஆபீஸ். அப்பா இறந்த பிறகு தாத்தா பெயரில் கிடந்த தென்னந்தோப்பில் அத்தைக்கும் பங்கு இருந்தது. அதை எனக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும் என்று சித்தப்பா போனிலேயே நாள் குறித்துவிட்டார். “நீ வந்த கையோட முடிச்சிரணும், பொறவு எப்பம் வருவியோ” என்பது அவர் வாதம். டோக்கன் போட்டாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் அத்தைக்குக் காய்ச்சல். தேதியை மாற்றலாம் என்றேன். டோக்கன் போனால் அடுத்தது எப்போது கிடைக்குமோ என்றார் எழுத்தர். சித்தப்பா போனை வைத்துவிட்டார். அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்: “நீ பிளேன் ஏறுததுக்கு முன்ன முடிக்கணும்லா மக்கா. எனக்கு என்ன, சின்னத் தடுமன்தானே.”

டோக்கனில் நேரம் போட்டிருந்தது. அந்த நேரத்துக்கு அங்கே யாரும் மரியாதை கொடுக்கவில்லை. சர்வர் இல்லை என்றார்கள். வெளியே மழை, உள்ளே ஜன்னல் சாத்தியாயிற்று. நனைந்த குடைகளும், கைக்குழந்தைகளும், வயதானவர்களும், ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. வயதானவர்களுக்குத் தனி வரிசை உண்டா என்று கேட்டேன். “ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்களோ?” என்று பதில் கேள்வி வந்தது. அத்தை காதைச் சுற்றி முண்டு போட்டு, நான் கொண்டுபோன கோடாலித் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். உள்ளே கூப்பிடும்போது மதியம் கடந்திருந்தது.

கைரேகை விழவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்த கை அது, கொட்டைப் பால் தின்று விரல் நுனி வழுவழுப்பாகிவிட்டது. துடைத்துவிட்டு வையுங்கள் பாட்டி என்றார்கள். சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தார். அழுத்தி வையுங்கள் என்றார்கள். நடுவில் இருமல் வந்தது, உள்ளங்கையில் இருமிவிட்டு அதே பெருவிரலைத் திரும்பவும் அந்தக் கண்ணாடியில் வைத்தார். கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த டோக்கன்காரர், கையில் குழந்தை, அதே கண்ணாடியில் விரலை வைத்தார். துடைக்க ஒரு துணிகூட அங்கே இல்லை. தன் பங்கை ஒரு பைசா வாங்காமல் எழுதிக்கொடுத்துவிட்டு அத்தை என்னிடம் கேட்டது, “சாப்பிட்டியா?”

இதற்கு மாற்று வழி சட்டத்திலேயே இருக்கிறது, அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, உடம்பு முடியாதவர் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டியதில்லை. பதிவு அதிகாரி வீட்டுக்கு வரலாம், அல்லது ஆள் அனுப்பி விசாரிக்கலாம். கட்டணம் உண்டு, டாக்டர் சான்றிதழோடு முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். இன்னொரு வழி, நீங்கள் இருக்கிற நாட்டின் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி ஊருக்கு அனுப்புவது. பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் கையில் பவர் இருந்தால், உங்கள் லீவுக்காக யாரும் காய்ச்சலோடு எழுந்து வர வேண்டியதில்லை.

அத்தைக்கு மருந்துக்கடையில் ஒரு செட் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், நிலவேம்புக் கஷாயமும் காய்ச்சினார்கள். செட் மாத்திரையில் இருக்கிற ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கஷாயம் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருக்கக் கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறது. லேசான காய்ச்சலும் இருமலும் ஏ: சோதனை வேண்டாம், வீட்டில் ஓய்வு போதும். நம்மவர்கள் கோபப்படுவது இங்கேதான். சோதனை செய்யாத டாக்டரைத் திட்டாதீர்கள், அவர் விதிப்படி நடக்கிறார். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தால் பி. லேசான காய்ச்சலே ஆனாலும் கர்ப்பிணி, சின்னக் குழந்தை, 65 வயது தாண்டியவர், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய, சிறுநீரக நோய்க்காரர் என்றால் அதுவும் பி. இவர்களுக்குச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ஓசெல்டாமிவிர் என்கிற ஃப்ளூ மருந்தைத் தொடங்கலாம். டாமிஃப்ளூ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சி என்பது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய கட்டம். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகமோ உதடோ நீலமாவது, மயங்கி மயங்கித் தூங்குவது, குழந்தை பால் குடிக்காமல் துவளுவது, காய்ச்சல் விட்டுத் திரும்பவும் ஏறி இருமல் கூடுவது, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104இல் கேட்கலாம். அத்தைக்கு மூச்சு வாங்கிய ராத்திரி, பக்கத்தில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் பணம் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். முன்பு டிபி ஆஸ்பத்திரியாக இருந்த இடம் என்பதால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பெயரே ஆகாது. அங்கேதான் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள், தொண்டையில் சளி எடுத்தார்கள், எச்1என்1 என்று வந்தது. பிழைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது வார்டில்தான் இருந்தார். இப்போதும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள் அவர் மருமகள்.

எனக்கும் வந்தது, லேசாக. பூர்வீகத் தறவாட்டு வீட்டில் தனி அறை கிடைத்தால் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துவிடுங்கள். பார்க்க வருகிறவர்களைத் திண்ணையோடு அனுப்புங்கள், கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், பாரசிட்டமால் போதும். காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் விமானம் ஏறலாம். தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை மழைக்காலத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள். லீவு நீட்டிக்கக் கம்பெனி கேட்கும் சான்றிதழை டாக்டரிடம் அன்றைக்கே எழுதி வாங்குங்கள், பிறகு போனால் ஆள் மாறியிருப்பார்.

பத்திரம் கைக்கு வந்துவிட்டது. பட்டா மாறுதலுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், நேரில் போக அவசியமில்லை. சித்தப்பாதான் நேரில் வா என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.